தண்ணி படாத துணி

நாலாவது முறையும் மணி போய்க்கொண்டே இருந்தது. மச்சான் எடுக்கவில்லை. மனைவி வேல்விழியின் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுரேஷ்கண்ணன் தெருமுனையைப் பார்த்தபோது, பள்ளிச் சீருடையில் ஆறு பெண்பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருவது தெரிந்தது. முன்னால் வந்த நதியாவும் அவளுக்கு அடுத்து வந்தவளும் நீளமான வெள்ளைச் சுருள் ஒன்றைத் தோளில் தாங்கி வந்தார்கள். பந்தலுக்கு வெளியே நாற்காலிகளில் இருந்த ஆட்கள், டீச்சருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்துக் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

அது பேனர் இல்லை என்று அந்தத் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பதினெட்டு நாளுக்கு முன்னால் சென்னையிலிருந்து பார்சலில் வந்தது அது. அல்லிநகரத்தில் அவனுக்கு ஆட்டோ கூரைக்கும் வேன் சீட்டுக்கும் ரெக்சின் தைக்கிற கடை. அங்கே வைத்துத்தான் வேல்விழி அதைப் பிரித்தாள். "தொடாதீக. கையெல்லாம் பசை" என்று அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். சிறுவர்கள் தனியாக ஓட்டுகிற சின்னப் படகுக்கான பாய்மரத் துணி. ஒரு ஆளைப் போர்த்துகிற அளவு இருக்கும். நடுவில் எண் எழுதி, மூலையில் அளந்து பார்த்ததற்கான முத்திரை. தொட்டால் மொடமொடவென்று சத்தம் போட்டது.

வேல்விழி அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரியில் கடற்படை என்சிசியில் இருந்தபோது பாய்மரப் படகு ஓட்டக் கற்றவள். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வைகை அணையில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவந்தாள். மூன்று படகுகள், மூன்றும் வேறு யாரோ ஓட்டி ஓய்ந்தவை. அவற்றின் பாய்களில் கிழியாத இடம் கிடையாது. ஒவ்வொரு கிழிசலும் சுரேஷ்கண்ணனுக்குத் தெரியும், தைத்தவன் அவன்தான். ஆனால் ராமேஸ்வரத்தில் நடக்கும் மாநில அணித் தேர்வுக்கு ஒட்டுப்போட்ட பாய் செல்லாது. படகை அங்கேயே கொடுப்பார்கள், பாய் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு மேல் அந்தப் படகை ஓட்ட முடியாது. நதியாவுக்கு இது கடைசி வருடம். ஒரு பிள்ளையாவது தேறி வந்தால்தான் அணையில் பழக அடுத்த வருடமும் போய் அனுமதி கேட்க முகமிருக்கும் என்று வேல்விழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன். செவ்வாய்க்கிழமை பள்ளி மைதானத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், நேற்று சாயங்காலம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். நாற்பத்து மூன்று வயது.

"என்னலே, எடுத்தாரா?" என்று உள்ளேயிருந்து வந்த சங்கிலியம்மாள் கேட்டாள். அவனுடைய அக்கா. நேற்று ராத்திரியிலிருந்து இந்த வீடு அவள் குரலில்தான் நடந்துகொண்டிருந்தது.

"இல்லக்கா."

"ஒன்றரைக்கு ராகு காலம் வந்துரும். பொறந்த வீட்டுக் கோடித்துணி இல்லாம பொம்பளய எப்பிடித் தூக்குறது? நாளைக்கு நாலு பேரு என்னயத்தான் கேப்பாக."

வேல்விழிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அண்ணன் சூரியபிரகாஷ் மட்டும்தான். உத்தமபாளையத்தில் இருக்கிறார். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவருடைய மகளும் முதலில் அணையில் படகு பழகியவள்தான். ஒருநாள் அவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது படகு கவிழ்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்த பிள்ளை சிரித்துக்கொண்டே மேலே வந்தது. அவருக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. எல்லோர் முன்னாலும் தங்கச்சியைப் பார்த்து, "ஒம் பிள்ளையா இருந்தா இப்பிடி விடுவியா?" என்று கேட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார். வேல்விழிக்குப் பிள்ளை இல்லை.

நதியா பந்தலுக்குள் வந்து, சுருளைத் தரையில் படாமல் இன்னொருத்தியின் கைகளில் கிடத்திவிட்டு, அவன் முன்னால் நின்றாள். அழுது முடித்த முகம். குரல் தெளிவாக இருந்தது.

"சார், டீச்சருக்குக் கோடி கொண்டாந்துருக்கோம்."

அவன் சுருளைப் பார்த்தான்.

"எங்க ஊர்ல கேட்டோம் சார். கோடின்னா தண்ணி படாத துணியா இருக்கணுமாம்ல. கடையில எடுக்கலாம்னு இவ சொன்னா. கடைத்துணி என்னத்துக்கு சார்? எங்ககிட்ட தண்ணி படாதது இது ஒண்ணுதான் இருக்கு."

"நதியா, ஞாயித்துக்கெழம..."

"தெரியும் சார்."

பின்னால் நின்ற ஐந்து பேரும் அவனுடைய வாயையே பார்த்தார்கள். சங்கிலியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் வந்தாள்.

"ஏத்தா, கோடி போடுறதுன்னா ஒரு மொற வேணும்ல. அவ ஒங்களுக்கு என்ன மொற?"

"டீச்சர் மொற" என்றாள் நதியா.

நாற்காலிகளில் இருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"டீச்சர்ங்குறதெல்லாம் ஒரு மொறையா?"

"எங்களுக்கு அதேன் மொற."

"வாயப் பாரு. அவகிட்டதான படிச்சுருக்கு" என்றாள் சங்கிலியம்மாள். ஆனால் அதைச் சொன்னதோடு அவள் திரும்பிக்கொண்டாள். "என்னமோ போடுங்க. வெறும் ஒடம்பா கெடக்குறதுக்கு ஒரு வெள்ளத் துணி கெடந்தாலும் நல்லதுதான்."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அப்போது நேரம் இருந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெஞ்சில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று சுருளை அவிழ்த்தார்கள். ஒரு மடிப்புகூட இல்லாத துணி. மடித்தால் கோடு விழும், கோட்டில் காற்று தங்காது என்று வேல்விழி அவனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு துணியின் மடிப்புக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டதில்லை. ஒருநாள் வந்து பாருங்க என்பாள். "நீங்க தச்சது எப்பிடி உப்புதுன்னு ஒருநா வந்து பாத்தாத்தான் என்ன, கொறஞ்சா போயிருவீக?" ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டோக்காரர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். அவன் வருகிறேன், வருகிறேன் என்றான். நாலு வருடத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின.

கழுத்திலிருந்து கால்வரை பாயைப் போர்த்தினார்கள். ஆடிக் காற்று பந்தலுக்குள் நுழைந்து சுற்றியது. வெள்ளைத் துணி அவள் நெஞ்சுக்கு மேல் மெல்ல எழும்பி மெல்ல இறங்கியது. திரும்பவும் எழும்பியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். யாரோ "ஆத்தா" என்றார்கள். நதியா குனிந்து, ஒரு மாலையை எடுத்து நெஞ்சுக்கு மேல் வைத்தாள். துணி அடங்கியது.

சூரியபிரகாஷ் வந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. ஜீப் தெருமுனையிலேயே நின்றது. தாம்பாளத்தில் அரக்குப் பட்டுச் சேலையும் மஞ்சளும் பூவுமாக அவர் தானே ஏந்திக்கொண்டு நடந்து வந்தார். பெரிய உடம்பு, நடை தள்ளாடியது. பெண்கள் புதிதாகக் குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர், தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் முதலில் துணியைப் பார்த்தார்.

"இது என்ன கழுத?"

தாம்பாளத்தோடு குனிந்தார்.

"எந் தங்கச்சிய தார்ப்பாய்லயா மூடி வச்சிருக்கீக? ஒரு முழச் சேலைக்கு வழியில்லாமப் போச்சா இந்த வீட்ல?" பிறகு எண்ணைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் புரிந்தது. குரல் இன்னும் ஏறியது. "செத்த பெறகுமா அவள விட மாட்டீக? எடுங்க இத மொதல்ல!"

எடுத்துவிடலாம். சுரேஷ்கண்ணனின் மனத்தில் அந்த வார்த்தை வெளிச்சம் போல வந்து நின்றது. மச்சான் சொல்கிறார், பிறந்த வீடு சொல்கிறது, எடுத்துவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், ஒரு கறை படாமல் சுருட்டிக் கொடுத்துவிடலாம். சனிக்கிழமை ராத்திரிப் பேருந்தில் நதியா அதைக் கொண்டுபோவாள். வேல்விழியிடம் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஒரு விநாடிகூட யோசித்திருக்க மாட்டாள்.

நதியா இரண்டு கைகளாலும் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இழுத்தால் விட்டுவிடுகிற பிடிதான். ஆனால் பிடித்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து அதே ஓரத்தில் கை வைத்தார்கள்.

"இருக்கட்டும் மச்சான்" என்றான் அவன்.

"என்னது?"

"அது கெடக்கட்டும். பிள்ளைக போட்டுச்சு. ஒங்க சேலைய மேல போடுங்க."

சூரியபிரகாஷ் அவனையே பார்த்தார். சங்கிலியம்மாள் அவர் முழங்கையைத் தொட்டு, "தம்பி, அடியில எது கெடந்தா என்ன? ஒங்க கோடி மேல கெடந்தா அதேன் கணக்கு. நேரமாகுது, போடுங்க" என்றாள். அவர் பட்டுச் சேலையை விரித்துப் போர்த்தினார். போர்த்தும்போதுதான் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வாய்க்கரிசி போட்டு ஒன்றேகாலுக்குத் தூக்கினார்கள். ஊர்க் கோயில் திருப்பத்தோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நின்றார்கள். ஆறு பிள்ளைகளும் கூட்டத்தின் முன்வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். தீச்சட்டியோடு முன்னால் போன சுரேஷ்கண்ணன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் பார்த்தான். நதியா அவனைப் பார்க்கவில்லை. பாடைக்குள் பட்டுச் சேலைக்கு அடியில் கொஞ்சமாகத் தெரிந்த வெள்ளை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயானத்தில் கர்ணன் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். இருபது வருடமாக அங்கே அவன்தான். அடுக்கிய விறகின் மேல் அவளைக் கிடத்திய பிறகு, மேலே போர்த்திய கோடிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். உடுத்தியிருக்கும் சேலை மட்டும் அவளோடு போகும். மற்றவை மயானத்தில் வேலை பார்ப்பவனுக்கு. அது அவனுக்குள்ள உரிமை, யாரும் கேட்க மாட்டார்கள். பட்டுச் சேலையை மடித்து வைத்தான். சொந்தக்காரர்கள் போட்ட நாலு நூல் சேலைகளை மடித்து வைத்தான். கடைசியாக வெள்ளைத் துணியை எடுத்து மடிக்கப் பார்த்தான். அது அவன் கையை மீறி விரிந்துகொண்டது.

"என்ன துணிங்க இது? மடங்கவே மாட்டேங்குது."

"மடிக்கக் கூடாது. சுருட்டணும்" என்றான் சுரேஷ்கண்ணன்.

கையில் கொள்ளி இருந்தது. சொன்ன பக்கம் திரும்பி நின்று, சொன்னபடி பின்கையால் வைத்தான். ஆடிக் காற்றில் விறகு சீக்கிரம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆட்கள் வயல் பக்கம் மோட்டார் ஓடும் தொட்டிக்குக் குளிக்கப் போனார்கள். அவன் போகவில்லை. கர்ணனின் சிமெண்ட் மேடைக்கு எதிரில் போய் நின்றான். துணி அங்கே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சரியாகவே சுருட்டியிருந்தான்.

"கர்ணா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கண்ணே."

"அந்த வெள்ளத் துணி மட்டும் எனக்கு வேணும்."

கர்ணன் சங்கடமாகச் சிரித்தான். "வீட்டுக் கூரைக்கு ஆகும்னு பாத்தேன். மழை ஒழுகுது. நல்ல கெட்டித் துணியா இருக்கு."

"ஒன் வீட்டுக் கூரைக்கு நான் அளவெடுத்து தச்சுத் தாரேன். எட்டு வருசத்துக்கு ஒழுகாது. நாளைக்கே வாரேன்."

"நாளைக்கு ஒங்களுக்குப் பால் ஊத்தணும்ணே, நீங்க எங்க வருவீக?" கர்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "கூரைக்காகச் சொல்லல. இங்கன வந்தத திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுல்ல. நாளப்பின்ன அந்த வீட்ல ஒருத்தருக்குத் தலவலி வந்தாலும் கர்ணன்தான குடுத்தான்னு என் தலைய உருட்டுவாக."

"வீட்டுக்குக் கொண்டுபோகல. அணைக்குக் கொண்டுபோறேன். பிள்ளைக படகுல கட்டுற துணி அது. வேற கெடையாது அதுகளுக்கு. ஞாயித்துக்கெழம வேணும்."

கர்ணன் துணியைப் பார்த்தான். எரிகிற பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "டீச்சர் துணியா அது?"

"அவ வாங்குனதுதான்."

"எங்க சின்னவளுக்கு அவுகதான் ஓட்டப்பந்தயம் பழக்குனாக" என்றான். பிறகு சுருளை எடுத்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கணக்குப் பார்ப்பவன் மாதிரிச் சொன்னான். "தண்ணி படாத வரைக்கும்தான் இது கோடி. பொழுது சாயமுன்ன நல்லா முக்கி எடுத்துருங்க. எடுத்துட்டா வெறும் துணி. யாரும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா வழியில எங்கயும் எறக்கி வைக்காதீக."

ஜீப்பை சூரியபிரகாஷ் கொண்டுவந்து நிறுத்தினார். அவரை அவன் கூப்பிடவில்லை. சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து பேருந்துக்கு நின்றவனுக்கு முன்னால் ஜீப் நின்றது.

"ஏறுங்க மாப்ள. ஒங்கள எந்த பஸ்ல ஏத்துவாக, இந்தக் கோலத்துல?"

அவன் ஏறினான். துணியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டான். ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. தூரத்துக் காற்றாலைகள் வேகமாகச் சுற்றின. தேனியைத் தாண்டினார்கள்.

"காலையில போன் வந்தத பாத்தேன்" என்றார் சூரியபிரகாஷ். "நாலு தடவ வந்துச்சு."

"ஒங்க நம்பர் என்கிட்ட இல்ல மச்சான். அவ போன்லதான் இருந்துச்சு."

"அதான். அவ பேருதான வந்துச்சு." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நேத்தே அவ போயிட்டான்னு பக்கத்து வீட்டுக்காரன் சொல்லிட்டான். காலையில அவ பேரு போட்டு மணி அடிக்குது. ரெண்டு வருசம் கழிச்சு. நான் எப்பிடி மாப்ள எடுப்பேன்?"

சுரேஷ்கண்ணன் சட்டைப் பைக்குள் இருந்த போனைத் தொட்டான். அந்தப் பக்கம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

"அன்னைக்கு அணையில நான் ஒண்ணு சொன்னேன்" என்றார். ஒரு லாரிக்கு வழிவிட்டார். லாரி போன பிறகும் கொஞ்ச தூரம் மெதுவாகவே ஓட்டினார். "அத அவ ஒங்ககிட்ட சொன்னாளா?"

சொன்னாள். அன்று சாயங்காலம் கடைக்கு நேராக வந்து, தைக்கிற எந்திரத்துக்குப் பக்கத்தில் ரெக்சின் வெட்டுத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னாள். அழவில்லை. ஒரு துண்டை எடுத்து நாலாக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல மச்சான். ஒண்ணும் சொல்லல."

சூரியபிரகாஷ் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அணைக்குப் பின்புறம் மண் பாதை இறங்கி நீர் விளிம்பில் முடிந்தது. படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுரேஷ்கண்ணன் அந்த இடத்தை முதல்முறையாகப் பார்த்தான். அவன் நினைத்து வைத்திருந்ததைவிடப் படகுகள் சின்னதாகவும் தண்ணீர் பெரிதாகவும் இருந்தன. காற்று அடித்த இடமெல்லாம் தண்ணீர் கறுத்து ஓடியது. இதை அவள் சொல்லியிருக்கிறாள், காற்றை முதலில் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும் என்று. சொன்னபோது அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

கவிழ்ந்த படகுகளின் மேல் ஆறு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் திருப்பத்தில் நிறுத்திவிட்ட பிறகு அவர்களுக்குப் போக வேறு இடம் தோன்றவில்லை போலும். ஜீப்பைப் பார்த்து எழுந்தார்கள். அவன் தோளில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

அவன் அவர்களிடம் போகவில்லை. நேராகத் தண்ணீருக்குள் போனான். வேட்டி நனைந்து கால்களில் சுற்றியது. இடுப்பளவு வந்ததும் தோளிலிருந்து சுருளை இறக்கினான். ஒருவனாக அதை விரிக்க முடியவில்லை. விரிந்த பக்கம் மிதந்து போயிற்று. பின்னால் தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. சூரியபிரகாஷ் வெள்ளை வேட்டி சட்டையோடு இறங்கி வந்து, கேட்காமலே மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து துணியை முக்கினார்கள். சந்தனம் போயிற்று. ஒட்டியிருந்த ரோஜா இதழ்கள் பிரிந்து மிதந்தன. நெஞ்சுக்கு நேராக இருந்த இடத்தில் மஞ்சள் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. சூரியபிரகாஷ் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. திரும்பத் தேய்த்தார்.

"விடுங்க மச்சான். இழை பிரிஞ்சுரும்" என்றான் சுரேஷ்கண்ணன்.

இரண்டு பேரும் மூழ்கி எழுந்தார்கள். நீர் சொட்டச் சொட்டத் துணியை ஏந்திக் கரையேறினார்கள். நதியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சார், அது டீச்சருக்குப் போட்டது. போட்டத நாங்க எப்பிடி சார் திரும்ப வாங்குறது?"

"யாரும் திரும்பக் குடுக்கல. போட்டது போட்டதுதான். அவ கட்டிட்டுத்தான் போனா." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வீட்ல அக்கா கட்டுன சேலைய தங்கச்சி கட்டுறதில்லயா?"

இருப்பதிலேயே சின்னப் பிள்ளை, "எங்க வீட்ல எனக்கு எல்லாமே அக்கா துணிதான் சார்" என்றது. இன்னொருத்தி அதன் தலையில் தட்டினாள்.

"கறை இருக்கு" என்றாள் நதியா.

"இருக்கு. கறை இருந்தா தள்ளிருவாகளா?"

அவள் யோசித்தாள். விதிகள் அச்சடித்த தாள் கண்ணுக்கு முன்னால் இருப்பதுபோல அவள் கண்கள் இடமிருந்து வலம் போயின. "தையல் இருந்தா தள்ளுவாங்க. அளவு மாறுனா தள்ளுவாங்க. கறையப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல சார்."

"அப்பறம் என்ன?"

அவள் கைகளை முன்னால் கொண்டுவந்தாள். துணியை வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, எதையோ மோந்து பார்த்தவள்போல ஒரு கணம் நின்றாள். பிறகு, "கம்பத்த எடுங்கடி" என்றாள். அதட்டல் அப்படியே வேல்விழியுடையது. சூரியபிரகாஷ் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

ஒரு படகை நிமிர்த்தினார்கள். பாயின் ஓரத்தைக் கம்பத்தோடு சேர்த்துச் சின்னச் சின்னக் கயிறுகளால் நதியா முடிந்துகொண்டே வந்தாள். "இன்னைக்கு ஓட்ட மாட்டோம் சார். காய மட்டும் வைக்கணும். கொடியில போடக் கூடாது, கல்லுல விரிக்கக் கூடாது. நிக்க வச்சுக் காத்துலதான் காயணும். அந்த மூலையப் பிடிச்சுக்கங்க, அடிக்காம."

அவன் பிடித்துக்கொண்டான். மூலையில் ஒரு உலோக வளையம். அதைச் சுற்றி எந்திரத் தையல், நூலிழை மாறாமல் சுற்றிச் சுற்றிப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு தையலை அவனால் போட முடியாது. விரலை வளையத்துக்குள் விட்டு, தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேர் கம்பத்தைத் தூக்கிப் படகின் துளையில் இறக்கினார்கள். ஈரத் துணி கனமாகத் தொங்கியது. தண்ணீர் மண்ணில் சொட்டியது. இன்னொரு குச்சியை நதியா துணியின் மேல்நுனியில் மாட்டி உந்தினாள். மேற்கேயிருந்து வந்த காற்று தண்ணீரைக் கறுக்க வைத்துக்கொண்டு கரையேறியது. துணி இரண்டு தடவை படபடவென்று அடித்து எல்லோர் மேலும் நீரைத் தெறித்தது. பிறகு அடிப்பதை நிறுத்தி, நிறைந்து, சத்தமில்லாமல் ஆயிற்று.

முப்பது வருடமாகத் துணியை இழுத்துப் பிடித்துத்தான் அவனுக்குப் பழக்கம். துணி அவனை இழுத்தது. அவன் ஓரடி எடுத்து வைத்தான்.

"கயிறு கட்டியாச்சு சார்" என்றாள் நதியா. "விடலாம். இனி அதுவா நிக்கும்."

"சரிம்மா" என்றான் அவன்.

விரல் வளையத்துக்குள் அப்படியே இருந்தது.